ஆன் பொலின் கதையை வில்லில் ஏற்றுவது எப்படி

நம்ம பக்கத்தில் வில்லடித்துப் பாடுகிற கதைகளை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆகாத சாவு செத்தவர்களின் கதைகள்தான். கட்டியவன் கைவிட்ட பெண், நியாயம் கிடைக்காமல் வெட்டுப்பட்டவன், இப்படிப்பட்டவர்களுக்குப் பீடம் போட்டு, கொடை கொடுத்து, அவர்கள் கதையை அவர்கள் முன்னாலேயே பாடிக் காட்டுகிறோம். கட்டிய ராஜா எட்டாம் ஹென்றியே 1536இல் தலையை வெட்ட வைத்த இங்கிலாந்து ராணி ஆன் பொலினின் கதையை முழுசாகப் படித்து முடித்த ராத்திரி எனக்குத் தோன்றியது இதுதான். இந்த அம்மா தாமிரபரணிக் கரையில் எங்காவது பிறந்திருந்தால், இந்நேரம் ஒரு வேப்பமரத்தடியில் ஒரு பீடமும் வருஷத்துக்கு ஒரு கொடையும் இருந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். பிள்ளைகளை வைத்து இந்தக் கதையை ஆண்டு விழாவிலும், இரண்டு ஊர்களில் கிறிஸ்தவ சபை விருந்தான அசனப் பண்டிகை ராத்திரியிலும் பாடியிருக்கிறோம். அதை எப்படிக் கட்டுவது என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கால் மணி நேர நிகழ்ச்சி, ஐந்து பேர் போதும். வில்லுக்கு முன்னால் புலவர், குடத்துக்கு ஒருவர், உடுக்குக்கு ஒருவர், ஜால்ராவும் கட்டையும் அடித்துக்கொண்டு பின்பாட்டுப் பாட இரண்டு பேர். பள்ளிப் பிள்ளைகள் என்றால் குடம் அடிக்கிற பையனை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் பாதி வேலை அவனுக்குத்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வாளில் ஆரம்பிக்காதீர்கள். நாங்கள் முதல் தடவை அப்படித்தான் செய்தோம், "கழுத்து அறுபட்ட ராணியின் கதையைக் கேளுங்கள்" என்று தொடங்கினோம், கூட்டம் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தது, ஆனால் அதற்கப்புறம் கல்யாணம் வந்தாலும் பிள்ளை பிறந்தாலும் எல்லோரும் வாளுக்காகவே காத்திருந்தார்கள். இந்தக் கதைக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. ராஜா அவள் பின்னால் அலைந்தது ஏறக்குறைய ஏழு வருஷம். அவள் முடிசூடி இருந்தது மூன்று வருஷத்துக்குப் பதிமூன்று நாள் குறைச்சல். பிடித்துக்கொண்டு போனதிலிருந்து வெட்டியது வரை பதினேழே நாள். உங்கள் பாட்டு இந்த மூன்று வேகத்திலும் ஓட வேண்டும். ஏழு வருஷத்தை இழுத்துப் பாடுங்கள், மூன்று வருஷத்தைக் கும்மி வேகத்தில் ஓட்டுங்கள், பதினேழு நாளை ஒவ்வொரு நாளாக எண்ணுங்கள்.

அடுத்த சங்கடம் பெயர்கள். இந்தக் கதையில் தாமஸ் மட்டும் ஆறு பேர். அப்பா தாமஸ் பொலின், கார்டினல் தாமஸ் உல்ஸி, தாமஸ் மோர், மந்திரி தாமஸ் க்ரோம்வெல், பேராயர் தாமஸ் க்ரான்மர், நார்ஃபோக் பிரபு தாமஸ் ஹோவர்ட். எல்லாரையும் பெயர் சொல்லிப் பாடினால் பத்தாவது நிமிஷத்தில் கூட்டம் தொலைந்துபோகும். உறவுமுறையில் பாடுங்கள். பொலின் என்பதை அப்பன்காரர் என்று சொல்லுங்கள். உல்ஸி கார்டினல், க்ரோம்வெல் மந்திரி, க்ரான்மர் பேராயர், அதோடு சரி. முதல் ராணி அராகன் நாட்டுக் கேத்தரின், அவரை மூத்தாள் என்றே பாடுங்கள், நம் சனத்துக்கு அந்த ஒரு சொல்லில் பாதிக் கதை விளங்கிவிடும். நார்ஃபோக் பிரபு ஆனின் அம்மாவோடு கூடப் பிறந்தவர், அதாவது தாய்மாமன். கதை முழுக்க அவரைத் தாய்மாமன் என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

காப்பு, குருவடி, அவையடக்கம் என்ற தொடக்கப் பாட்டுகளை எல்லாம் வழக்கம்போலப் பாடிக்கொள்ளுங்கள். நாட்டுவளத்தில் தேம்ஸ் நதி கட்டாயம் வர வேண்டும். லண்டன், கிரீனிச் அரண்மனை, டவர் கோட்டை மூன்றும் அந்த ஆற்றங்கரையில் இருப்பதால் கதையின் நல்லதும் கெட்டதும் படகில்தான் போகின்றன. அப்புறம் கென்ட் பகுதியில் அகழி சூழ்ந்த ஹீவர் கோட்டை, அவள் வளர்ந்த வீடு. 1513இல் சிறு பெண்ணாக இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மெக்கெலன் நகரத்து அரசவைக்குப் படிக்கப் போனதையும், பிறகு பிரான்சு ராணி க்ளோடிடம் சில வருஷம் தோழியாக இருந்ததையும், அங்கே கற்ற மொழியோடும் நடையுடையோடும் ஊர் திரும்பி மூத்தாள் கேத்தரினுக்கே தோழியானதையும் நாலு வரியில் முடித்துவிடலாம். ஹென்றி பெர்ஸி என்ற பிரபு வீட்டுப் பையனுக்கும் அவளுக்கும் இருந்த பிரியத்தை உல்ஸி வெட்டிவிட்டதை மட்டும் ஒரு வரி அழுத்திச் சொல்லுங்கள். அந்தப் பையன் மறுபடி வருவான்.

ஒரு விஷயத்தை உள்ளே விடவே விடாதீர்கள். அவளுக்கு ஆறு விரல் இருந்தது, கழுத்தில் கட்டி இருந்தது, சூனியக்காரி என்றெல்லாம் சொல்வார்கள். ஆறு விரல் கதையை எழுதியவர் அவளைப் பார்த்தவர் இல்லை, அவர் எழுதியது அச்சில் வந்ததே அவள் செத்து ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு அப்புறம். பின்பாட்டுக்காரரை விட்டு "ஆறு விரலாமே அண்ணாச்சி?" என்று கேட்க வையுங்கள், புலவர் "பார்த்தவன் சொன்னானா, பாராதவன் சொன்னானா?" என்று திருப்பிக் கேட்கட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

இனி காதல். 1526 வாக்கில் எட்டாம் ஹென்றியின் மனசு அவள் மேல் விழுகிறது. அவளுடைய அக்காவோ தங்கையோ, மேரி, அதற்கு முன்பே ராஜாவிடம் பழகி விடப்பட்டவள். ஆன் அந்த வழிக்குப் போக மறுத்தாள். ராஜா தன் கைப்பட எழுதிய பதினேழு கடிதங்கள் இன்றைக்கும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கின்றன, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமாக, தேதியே போடாமல். அவள் எழுதிய பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதை அப்படியே மேடைக்குக் கொண்டுவரலாம். நாங்கள் கட்டிய வரி இது:

எழுதினானே பதினேழு ஓலை – மன்னன்
எழுதினானே பதினேழு ஓலை
பதிலெழுதிய கையைக் காணோம் – அந்தப்
பாவி மகள் சொல்லைக் காணோம்

முதல் இரண்டு வரியைப் புலவர் பாடும்போது வில் முழங்கட்டும். மூன்றாவது வரியில் வில்லை அடிக்கிற வீசுகோலை நிறுத்திவிட்டு, குடம் மட்டும், மெதுவாக, மூன்று தட்டு. அவள் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் அந்த மூன்று தட்டுதான். நீங்களாக ஒரு காதல் வசனம் எழுதி அவள் வாயில் வைக்காதீர்கள். பத்து நிமிஷத்தில் கூட்டம் பழகிவிடும், குடம் மூன்று தட்டினால் அவள் ஏதோ நினைக்கிறாள் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள்.

ஏழு வருஷம் ஏன் ஆனது என்பதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. ராஜா கேட்டது மூத்தாளோடு நடந்த கல்யாணமே செல்லாது என்ற தீர்ப்பு. கேத்தரின் முதலில் ஹென்றியின் அண்ணன் ஆர்தரைக் கட்டியவர், அவர் இறந்தபின் போப்பின் அனுமதியோடு 1509இல் தம்பியைக் கட்டினார். பிழைத்திருந்த பிள்ளை மேரி என்ற மகள் ஒருத்திதான். சகோதரன் மனைவியை எடுத்தால் சந்ததி இல்லை என்கிற லேவியராகமம் 20:21ஐ ஹென்றி பிடித்துக்கொண்டார். செத்துப்போன அண்ணனுக்குப் பிள்ளை இல்லாவிட்டால் தம்பி அவளைக் கட்ட வேண்டும் என்று உபாகமம் 25:5 சொல்கிறது. சபை உள்ள ஊர்களில் இந்த இடம் அருமையாக எடுபடும். வலத்தில் இருப்பவர் ஒரு வசனத்தையும் இடத்தில் இருப்பவர் இன்னொரு வசனத்தையும் பிடித்துக்கொண்டு வழக்காடட்டும். முன்வரிசைப் பெரியவர்கள் வேதாகமத்தைப் புரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். போப்போ தீர்ப்புச் சொல்ல முடியாத இடத்தில் இருந்தார். 1527இல் ரோமாபுரியைச் சூறையாடியது பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை, அந்தச் சார்லஸ் யார் என்றால் கேத்தரினின் அக்காள் மகன். 1529இல் லண்டனில் கூடிய சபை வழக்கும் தள்ளிவைப்பில் முடிந்தது, உல்ஸி அதிகாரம் இழந்து மறுவருஷம் இறந்தார். கடைசியில் ரோமாபுரியின் கட்டையே அறுத்துக்கொண்டு, 1534 சட்டத்தின்படி இங்கிலாந்து திருச்சபைக்கு ராஜாவே தலைவரானார்.

இங்கே நம் ஊரைக் கொண்டுவரலாம். அந்தத் திருச்சபை வழியாகத்தான் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது. 1826இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் எழுந்த பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயத்தைக் காட்டி, "அதன் வேர் எங்கே போகுது தெரியுமா?" என்று புலவர் கேட்டால் கூட்டம் அசையாமல் இருக்கும். நம் தாத்தா பாட்டிகள் கையில் வைத்திருந்த ஜெபப்புத்தகத்தின் ஆங்கில மூலத்தை 1549இல் தொகுத்து வெளியிட்டவர் பேராயர் க்ரான்மர். அதே க்ரான்மர்தான் 1533 மே மாசம் ஆனின் கல்யாணம் செல்லும் என்றார், 1536 மே மாசம் செல்லாது என்றார். இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் வெறும் ஜால்ரா வாசியுங்கள்.

கல்யாணம் ரகசியமாக நடந்தது, 1533 ஜனவரி 25. அதனால் பாட்டிலும் அதைச் சத்தமில்லாமல் வையுங்கள், மேளமும் வேண்டாம் நாதஸ்வரமும் வேண்டாம். சத்தம் எல்லாம் முடிசூட்டுக்கு. மே 29 அன்று கிரீனிச்சிலிருந்து டவர் கோட்டைக்கு அலங்காரப் படகுகளின் ஊர்வலம், ஜூன் 1 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் கிரீடம். அப்போது அவள் ஆறு மாசக் கர்ப்பிணி. இந்தப் படகுப் பாட்டைக் கும்மி மெட்டில் போடுங்கள்:

கிரீனிச்சுத் துறையிலே ஏறினாளே – ராணி
கோட்டைக்குப் படகிலே போறாளே

இந்த இரண்டு வரியையும் கூட்டம் மனப்பாடம் ஆகும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பாடுங்கள். கைதட்டலும் சேரட்டும். மூன்று வருஷம் கழித்து இதே வரி திரும்பி வரப் போகிறது.

செப்டம்பர் 7, கிரீனிச்சில் பிள்ளை பிறந்தது. பிள்ளை பிறந்ததை அறிவிக்கும் கடிதங்களை இளவரசன் என்றே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார்கள். பிறந்தது பெண். அப்புறம் ஆங்கிலத்தில் இளவரசன் என்ற சொல்லின் கடைசியில் ஒரு 'எஸ்' எழுத்தை நுழைத்து இளவரசி ஆக்கினார்கள். சரியாக எழுத இரண்டு எஸ் வேண்டும், இடம் ஒன்றுக்குத்தான் இருந்தது. இதற்கு ஒரு சிலேட்டை மேடையில் வைத்துக்கொள்ளுங்கள். "இளவரசன்" என்று முன்னாலேயே எழுதியிருக்கட்டும், பிள்ளைகளில் ஒருத்தி வந்து கடைசி எழுத்தின் மேல் விரலால் தேய்த்துத் திருத்தட்டும். எங்கள் நிகழ்ச்சியில் திருத்தியது எட்டாம் வகுப்புப் பெண், கூடப் பிறந்தவர்கள் மூன்றும் பெண்கள். அவள் தேய்த்த வேகத்தில் சுண்ணாம்புப் பொடி குடத்தின் மேல் விழுந்தது, கீழே பெண்கள் பக்கம் ஒருத்தரும் பேசவில்லை.

நடுவில் உள்ள இரண்டு வருஷத்தைச் சட்டென்று கடந்துவிடலாம். ராஜாவைத் திருச்சபைத் தலைவராக ஏற்க மறுத்த தாமஸ் மோரும் பிஷப் ஃபிஷரும் 1535இல் தலை வெட்டப்பட்டதை மறைக்காமல் ஒரு வரி சொல்லுங்கள், அவள் ராணியாக இருந்த காலத்தில் நடந்த அநியாயம் அது, அவளைத் தெய்வமாக்குகிற ஆசையில் நாம் அதை விழுங்கக் கூடாது. அப்புறம் நேரே 1536 ஜனவரி. ஏழாம் தேதி மூத்தாள் இறக்கிறார். இருபத்துநாலாம் தேதி ராஜா குதிரையிலிருந்து விழுகிறார். இருபத்தொன்பதாம் தேதி, மூத்தாளை அடக்கம் செய்த அதே நாளில், ஆனுக்குக் கரு கலைகிறது. மூத்தாள் உயிரோடு இருந்தவரை ஆனைத் தள்ளிவிட்டால் பழையவளைத்தான் மறுபடி ஏற்க வேண்டிவரும் என்ற பயம் ராஜாவுக்கு இருந்தது. இப்போது அது இல்லை. ஜேன் சீமோர் என்ற தோழிப் பெண்ணும் கண்ணில் பட்டாயிற்று. இங்கே உடுக்கு மட்டும் பேசட்டும்.

மே மாசத்தை நாள் கணக்கில் பாடுங்கள், ஒவ்வொரு நாளுக்கும் குடத்தில் ஒரு தட்டு. ஏப்ரல் 30இல் இசைக்காரன் மார்க் ஸ்மீட்டன் பிடிபடுகிறான். மே 1 கிரீனிச் விளையாட்டுப் போட்டியிலிருந்து ராஜா திடீரென எழுந்து போகிறார். மே 2, அவளைப் படகில் ஏற்றுகிறார்கள். கிரீனிச்சிலிருந்து டவர் கோட்டைக்கு. இப்போது அந்தக் கும்மி வரியை எடுங்கள், அதே சொல், ஒரு எழுத்தும் மாற்றாமல், கைதட்டல் இல்லாமல், ஒப்பாரி இழுப்பில். என்னை நிலவறையில் வைப்பீர்களா என்று கோட்டைக் காவலர் கிங்ஸ்டனிடம் கேட்டாள். இல்லை, முடிசூட்டுக்கு வந்தபோது தங்கிய அதே அறைகளில்தான் என்று பதில் வந்தது. இது கிங்ஸ்டனே மந்திரிக்கு எழுதிய கடிதத்தில் உள்ளது. இதற்கு நீங்கள் வசனம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

குற்றம் என்ன? ஐந்து ஆண்களோடு தவறாக இருந்தாள், அதில் ஒருவர் கூடப்பிறந்த ஜார்ஜ், ராஜாவைக் கொல்லவும் சதி செய்தாள் என்று. ஸ்மீட்டன் ஒருவன் மட்டும் ஒப்புக்கொண்டான், நாரிஸ், வெஸ்டன், பிரெரட்டன், ஜார்ஜ் நான்கு பேரும் மறுத்தார்கள். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், "சார், அந்தம்மா தப்பு பண்ணுச்சா இல்லையா?" என்று. மேடையிலும் யாராவது கேட்பார்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்வதைவிட ஒரே ஒரு தேதியை எடுத்து வையுங்கள். குற்றப்பத்திரிகை 1533 அக்டோபர் மாசம் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் தவறு நடந்ததாகச் சொல்கிறது. பிள்ளை பிறந்தது செப்டம்பர் 7. அவள் அப்போது இருந்ததோ கிரீனிச்சில். புலவர் இப்படிக் கேட்கட்டும்: "பச்ச ஒடம்புக்காரி, நாப்பது நாளு முடியல, கிரீனிச்சுல படுத்துக் கெடக்கா. வெஸ்ட்மின்ஸ்டர்ல எப்படிலே இருப்பா?" நாலு பிள்ளை பெற்ற அம்மாக்கள் கீழே இருந்து பதில் சொல்லிவிடுவார்கள்.

மே 15, விசாரணை. தலைமை நாற்காலியில் தாய்மாமன். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் அந்தச் சொல்லைக் காப்பாற்றி வைத்தோம். நம்ம ஊரில் மருமகளை மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறவர் தாய்மாமன், சடங்குக்குச் சீர் கொண்டுவருகிறவர் தாய்மாமன். அந்த வாயால், எரிப்பதோ தலையை வெட்டுவதோ ராஜாவின் விருப்பம் என்று தீர்ப்பு வாசிக்கப்பட்டது. தீர்ப்புச் சொன்ன பிரபுக்களின் வரிசையில் அந்தப் பழைய பையன் ஹென்றி பெர்ஸியும் இருந்தான், முடிந்ததும் உடல் தாங்காமல் சரிந்துபோனான். இந்த இடத்தில் புலவர் குரலை உயர்த்தாமல் வெறும் பேச்சாகச் சொல்வது நல்லது. நான் ஒருமுறை பாட்டாகப் பாடிப் பார்த்தேன், கனம் குறைந்துவிட்டது.

மே 17 அன்று ஐந்து ஆண்களும் வெட்டப்பட்டார்கள். அவளுக்குக் குறித்த நாள் தள்ளிப்போய் மே 19 ஆனது. நற்கருணை வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் தான் ராஜாவுக்குத் துரோகம் செய்யவில்லை என்று சத்தியம் செய்தாள். கோடாலிக்குப் பதில் வாள், அதற்குப் பிரான்சுக் கரையிலுள்ள கலே பக்கத்திலிருந்து ஆள் வந்தான். வெட்டுகிறவன் கைதேர்ந்தவனாமே, எனக்குக் கழுத்தும் சின்னதுதான் என்று இரண்டு கையாலும் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இதுவும் கிங்ஸ்டன் எழுதியது. மேடையில் அவளாக நடிக்கும் பெண் அந்தக் கையைக் கழுத்தில் வைக்கட்டும், அவ்வளவு போதும். வாளைக் காட்டாதீர்கள், அட்டை வாள்கூட வேண்டாம். கொடையில் சாவு வரும்போது மேளம் உச்சத்துக்குப் போகும், சாமி இறங்கும். இங்கே நேர்மாறாகச் செய்யுங்கள். வில்லின் நாணைப் புலவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துவிட வேண்டும், மணிகளும் அடங்கிவிட வேண்டும். குடம் மூன்று தட்டு. முடிந்தது.

அப்புறம் சவப்பெட்டி. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஆயுதச் சாலையிலிருந்து அம்பு வைக்கிற ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார்கள், தோழிப் பெண்களே அவளை எடுத்து அதில் வைத்து, கோட்டைக்குள்ளேயே இருந்த புனித பேதுரு சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள். மறுநாள் ராஜாவுக்கும் ஜேன் சீமோருக்கும் நிச்சயம், மே 30இல் கல்யாணம். இதைச் சொல்லும்போது அவசரப்படாதீர்கள், "மறுநாள்" என்ற சொல்லுக்கு அப்புறம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம்.

வாழி என்ற முடிவு வாழ்த்தைப் பாடாமல் வில்லை இறக்கக் கூடாது என்பது நம் முறை. இந்தக் கதைக்கு யாருக்கு வாழி பாடுவது என்று எங்களுக்குள் பெரிய தர்க்கமே நடந்தது. மகளுக்குப் பாடலாம் என்று முடிவானது. அம்மா சாகும்போது எலிசபெத்துக்கு இரண்டு வயசும் எட்டு மாசமும். 1558இல் அதே பிள்ளை ராணியாகி நாற்பத்துநாலு வருஷம் ஆண்டாள். அவளிடம் ஒரு மோதிரம் இருந்தது, திறந்தால் உள்ளே இரண்டு சின்ன முகங்கள், ஒன்று அவளுடையது, இன்னொன்று அம்மாவுடையது என்றுதான் பலரும் கருதுகிறார்கள். வாழியில் அந்த மோதிரத்தைப் பாடுங்கள்.

ஆனால் ஊர் பார்த்துப் பாடுங்கள். 1600 டிசம்பர் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தது அந்த எலிசபெத்தான். அந்தக் கம்பெனிதான் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது. கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் என்றால் மோதிரத்தோடு இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, வாழியை மகளுக்குப் பாடாமல் அந்தப் பெட்டியைத் தூக்கிய தோழிப் பெண்களுக்குப் பாடுவோம். அவர்கள் பெயர் நம் பாட்டுக்குத் தேவையில்லை, "பெட்டி தூக்கிய பெண்டுகள்" என்றாலே போதும். அந்த வரிக்கு மட்டும் குடம் அடிக்கிறவன் நிறுத்தாமல் அடிக்கட்டும்.